பொறுமை அண்ணனின் மாவுக்கட்டு

அந்த ஆஸ்பத்திரியில், கை கால் ஒடிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிற அறையில் வேலை பார்த்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. எல்லோரும் அவரைப் பொறுமை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம், நோயாளிகளே மனதார வைத்தது. அலறிக்கொண்டு வருகிறவரை மேசையில் உட்கார வைப்பார். மாவுத்துணிச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கும் வரை பார்த்திருந்து, பதமாகப் பிழிந்து, பஞ்சுக்கு மேலே சுற்றிச் சுற்றி உள்ளங்கையால் வழவழவென்று தடவிவிடுவார். தடவும்போதே வாயும் வேலை செய்யும். எலும்பு கூடுவதற்கென்று ஆண்டவர் ஒரு நேரம் வைத்திருக்கிறார், அதற்கு முன்னால் நாம் தலைகீழாக நின்றாலும் கூடாது, நேரம் வந்துவிட்டால் நாம் குறட்டை விட்டுத் தூங்கினாலும் கூடிவிடும் என்பார். அழுதுகொண்டு வந்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

அறைக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்களுக்கு வேறு கதை தெரியும். லிஃப்ட் பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் போதும் என்பதை அந்த மனிதர் ஒருநாளும் நம்பியதில்லை. தேநீரை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். மறுநாளும் அதே கடையில் அதே நாக்கைச் சுட்டுக்கொள்வார். பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்குவார். முடிவெட்டும் கடையில் தனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் போதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவார். அந்த நாளை எளிதில் வராது, பிடரி முடி சட்டைக் காலருக்குள் இறங்கிவிடும். ஜெபக்கூடத்தில் போதகர் ஜெபத்தை முடிப்பதற்கு ஒரு வார்த்தை முன்பே இவருடைய ஆமென் கணீரென்று விழும். பக்தி மிகுந்தவர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் மனைவிக்கு உண்மை தெரியும், ஆனால் கட்டிக்கொண்டவரைச் சபையில் காட்டிக்கொடுப்பாளா?

இந்த வேலைக்கே அவர் தற்காலிகமாக வந்தவர்தான். ஆம்புலன்ஸ் ஓட்டத்தான் விண்ணப்பித்திருந்தார். இடம் காலியாகும் வரை கட்டு அறையில் வாளி தூக்கிக்கொண்டிரு என்றார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் இடம் எத்தனையோ தடவை காலியானது. ஒவ்வொரு தடவையும் இவரைச் சோதனைக்கு ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள், இறங்கியதும், கூட உட்கார்ந்து வந்த அதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இவர் கட்டே போடட்டும் என்று எழுதிவிட்டார். தனக்குப் பொறுமை கற்றுக்கொடுப்பதற்காகவே ஆண்டவர் அந்த அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தார் என்று பின்னாளில் அவர் சாட்சி சொல்லும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மனைவி பிரேக் பிடிக்கிறவள் மாதிரி காலைத் தரையில் ஊன்றிக்கொள்வாள்.

காத்திருத்தல் அவர்கள் வீட்டுக்குப் புதிதல்ல. கல்யாணமாகி நெடுநாள் பிள்ளை இல்லை. அந்த நாட்களில் அவர் ஆண்டவரோடு போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஜெபக்கூடத்தில் பலிக்கவில்லை என்று அடுத்ததற்குப் போவார், அங்கேயும் தாமதமானால் இன்னொன்று. மனைவி மட்டும் அவர் இழுத்துப்போன இடத்துக்கெல்லாம் போய், சத்தமில்லாமல் அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்தாள். யாரையும் குறை சொல்லவில்லை, அவரையும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு மகன் பிறந்தான். அன்று அவர் தரையில் நெற்றியை வைத்து அழுத அழுகை சத்தியமானது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், ஏதோ தான்தான் அத்தனை வருஷமும் பொறுத்திருந்து ஜெயித்தது போல ஊரெல்லாம் பேச ஆரம்பித்தார். பொறுத்திருந்தவள் பாவம், பிரசவக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மகன் வளர்ந்தான், படித்தான், வேலைக்குப் போனான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. குடும்பம் நல்ல குடும்பம், வேலை நிரந்தரம், பேச்சு நிதானம். குறையெல்லாம் மகனிடத்தில்தான்: விஷயத்தை முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா சிரித்த முகத்தோடு வந்து இவரிடம் சொன்னபோது, வீட்டில் மூன்று பேர் இருக்க, கடைசியாகத் தெரிந்துகொண்டவர் தான்தான் என்பது அவரை முள்ளாகக் குத்தியது. அதை வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் சின்னப்பிள்ளைத்தனம். அதனால் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, "ஆண்டவர்கிட்ட கேக்கறேன். அவர் பதில் வரட்டும்" என்றார்.

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? மகன் மாதம் ஒருமுறை கேட்பான். இன்னும் பதில் வரவில்லை என்பார். அவன் கேட்கக் கேட்க இவருக்குள் ஒரு சுகம். யாரோ தன் வாசலில் மனுவோடு நிற்பது போல. அந்தப் பெண்ணை வீட்டுக்கு ஒருநாள் அழைத்துவரட்டுமா என்று மனைவி கேட்டபோது, பதில் வருவதற்கு முன்னால் வாசலைத் திறந்தால் அவிசுவாசம் ஆகிவிடும் என்று விளக்கம் சொன்னார். ஒருநாள் மனைவி துணி மடித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், நிஜமாகவே கேட்டீர்களா என்றாள். அவர் முகம் கழுவப் போய்விட்டார். வெகுநேரம் கழுவினார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள் மகனும் அந்தப் பெண்ணும் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவுக்கு மட்டும் போன் செய்தார்கள். இந்தத் தடவையும் முதலில் அம்மாவுக்கு. அன்றிலிருந்து அவர் மகனோடு பேசுவதில்லை. பேசமாட்டேன் என்று சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. அப்படிச் சொல்வது கோபக்காரர்கள் வேலை. இவர், அவன் மனசை ஆண்டவர் மாற்றுவார், அவனே வந்து தப்பை ஒப்புக்கொள்வான், அதுவரை நான் விசுவாசத்தோடு காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மகன் வீடு பஸ்ஸில் போனால் ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம். போன் பாக்கெட்டிலேயே இருந்தது. ஆனால் காத்திருக்கிறவர் எங்கேயும் போகக்கூடாது, எதையும் அழுத்தக்கூடாது என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். லிஃப்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது.

சபையில் அவருக்கு மதிப்பு ஏறிவிட்டது. பிள்ளை இப்படிப் பண்ணியும் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் பொறுத்திருக்கிறாரே என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆண்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். போதகர், வருகிற கூட்டத்தில் பொறுமையைப் பற்றி நீங்களே சாட்சி சொல்லுங்கள் அண்ணா என்றார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது வரை பேசிப் பார்த்துக்கொண்டார். உள்ளுக்குள், ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் காலியாகக் கிடக்கும் மூன்றாவது நாற்காலி அவரைத் தின்றுகொண்டிருந்தது என்பதும் உண்மை. மகன் நடந்து வரும் செருப்புச் சத்தம் போலக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொள்வார். மேல்வீட்டுக்காரரின் செருப்பாக இருக்கும். மறுபடி உயர்த்திக்கொள்வார்.

கூட்டத்தன்று வேலை முடிந்து கிளம்பினார். லிஃப்ட் வரவில்லை. பொத்தானை அழுத்தினார், மறுபடியும் மறுபடியும் அழுத்தினார். லிஃப்ட் மேலேயே யாரையோ ஏற்றிக்கொண்டிருந்தது. பொறுமையைப் பற்றிப் பேசப் பிந்திவிடுமே என்று படிக்கட்டுக்கு ஓடினார். அங்கே தரை துடைத்திருந்தார்கள், வழுக்கும் என்று மஞ்சள் பலகையும் வைத்திருந்தார்கள். அவர் அந்தப் பலகையைத் தாண்டிக் குதித்தார். வலது மணிக்கட்டு ஒடிந்தது.

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் பெண் ஒருத்தி உண்டு, சின்னவளே என்றுதான் கூப்பிடுவார். அவள்தான் அவருக்குக் கட்டுப் போட்டாள். போடும்போது எலும்பு கூடும் நேரத்தைப் பற்றி அவள் ஏதோ ஆரம்பிக்க, எனக்கே சொல்கிறாயா என்று முறைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்தாள். ஜெபக்கூடத்தில் அன்று அவருக்குப் பதிலாகப் போதகரே பேசினார். ஆண்டவர் பொறுமை கற்றுக்கொடுக்கச் சிலரைப் படுக்கவும் வைப்பார் என்று அவர் சொன்னதை யாரோ வந்து இவரிடம் சொன்னார்கள். அது இவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்திருப்பது சாதாரணப் பாடு இல்லை. இடது கையால் சட்டைப் பொத்தான் போட முடியாது, முகச்சவரம் செய்ய முடியாது, ரொட்டியில் வெண்ணெய் தடவினால் ரொட்டி மேசையைவிட்டு ஓடும். மனைவி எல்லாம் செய்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும், சீக்கிரம் சீக்கிரம் என்று அவளை விரட்டினார். கட்டுக்குள் அரித்தது. அதற்குள் குச்சி விட்டுச் சொறியக்கூடாது என்று ஆயிரம் பேரைத் திட்டியவர், பேனாவை விட்டுச் சொறிந்தார். பேனா மூடி உள்ளே விழுந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மனைவி, மகனுக்குப் போன் செய்து அப்பா கை ஒடிந்துகிடக்கிறார் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றானாம். ஒரு வருஷமாக எந்த வார்த்தைக்காக அந்த வீடு காதைத் தீட்டிக்கொண்டிருந்ததோ அந்த வார்த்தை. அவருக்கும் நெஞ்சு ஒருமுறை எகிறித்தான் விழுந்தது. பேசாமல் கையைத் தூக்கி நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் மனிதர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எதற்காக வருகிறான்? கை ஒடிந்ததற்காக வருகிறான். பரிதாபப்பட்டு வருகிறான். கட்டுப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற கிழவனைப் பார்த்து, ஐயோ பாவம் என்று தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனால், அதில் மன்னிப்புக் கேட்பதற்கு இடம் எங்கே? ஆண்டவர் இப்படி அரைகுறையாகச் செய்யமாட்டார். தான் திடமாக, இரண்டு கையோடு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மகன் எதிரே நின்று தலைகுனிய வேண்டும். அப்போதுதான் அது பதில். இப்படி அவர் ஆண்டவருக்கே காட்சி அமைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். சின்னவளிடம், கட்டை அறுத்துவிடு, எனக்குச் சுகமாகிவிட்டது என்றார். கட்டு இருக்க வேண்டிய நாளில் பாதிகூட ஆகவில்லையே, டாக்டர் சொல்லாமல் மெஷினைத் தொடமாட்டேன் என்றாள் அவள். விசுவாசத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். எலும்பைப் பற்றி நீங்கள்தானே சொல்லுவீர்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள். அவள் தலை மறைந்ததும் அவர் கதவைச் சாத்தினார். மெஷினை இடது கையில் எடுத்தார். தோலை வெட்டாமல் மாவை மட்டும் அதிர்ந்து அதிர்ந்து அறுக்கிற மெஷின் அது. பழகிய கைக்கு இடதென்ன வலதென்ன. உலகத்தில் எத்தனையோ அவசரக்காரர்கள் கட்டைப் பிய்த்துப் போட ஆசைப்படுவார்கள். ஆசைப்பட்ட மாத்திரத்தில் இவ்வளவு சுத்தமாகச் செய்துமுடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கட்டு இரண்டு ஓடாகப் பிளந்து விழுந்தது. பேனா மூடியும் விழுந்தது. உள்ளே இருந்து வெளியே வந்த கை அவருடையது மாதிரியே இல்லை. மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து, ஒரு புளித்த வாடையோடு. சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பதில் அவளுக்கு நல்ல அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வந்தான். தனியாகத்தான் படியேறி வந்தான். கீழே காரில் அவன் மனைவி இருக்கிறாள் என்பது அம்மாவிடம் அவன் முணுமுணுத்ததிலிருந்து இவருக்குத் தெரிந்தது, தெரியாதது போலச் செய்தித்தாளைப் புரட்டினார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள். அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

கட்டைக் காணோமே என்றான் மகன். ஆண்டவர் சீக்கிரமே குணமாக்கிவிட்டார் என்றார் இவர். சந்தோஷம் என்றான் அவன். அவன் மன்னிப்புக் கேட்பதற்கு வசதியாக இவர் தொண்டையைச் செருமிக்கொடுத்தார். அவன் ஜன்னல் திரையைப் பார்த்தான். மீண்டும் செருமினார். தண்ணீர் வேண்டுமா அப்பா என்று கேட்டான். பொறுக்க முடியவில்லை அவருக்கு. தான் எவ்வளவு திடமாக இருக்கிறேன் என்று காட்டினால் காரியம் நகரும் என்று நினைத்து எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி ஆற்றி மூடி வைத்திருந்த தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார். தட்டை வலது கையாலேயே தூக்கிக்கொண்டு வந்தார்.

நடு அறை வரைக்கும் வந்துவிட்டார் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். அங்கே மணிக்கட்டுக்குள் ஏதோ நழுவியது. தட்டு போயிற்று, கோப்பைகள் போயின, அவர் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மகன் ஓடிவந்து சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தான். வீங்கிக் கோணியிருந்த அந்தக் கையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. எந்தக் கட்டு, யார் அறுத்தது என்றெல்லாம் கேட்கவில்லை. எழுந்திருங்கப்பா என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

காரை அந்தப் பெண்தான் ஓட்டினாள். முன்னால் மாமியார், பின்னால் அப்பாவின் கையை ஒரு தலையணை மேல் ஏந்திப் பிடித்தபடி மகன். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து மாமனார் தன் மருமகளை முதன்முதலாகப் பார்த்தது அவளுடைய பின்தலையை. அவள் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றாள். மஞ்சள் விளக்குக்கே நின்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் குறுக்கே ஒரு பூனைகூட இல்லாத சந்திப்பிலும் சிவப்பு போய்ப் பச்சை வரும்வரை நின்றாள். வலியில் இவருக்குப் பல் நறநறத்தது, போ போ என்று வாய்வரை வந்தது. ஒருமுறை கண்ணாடியில் அவள் கண் அவரைப் பார்த்தது. இதோ வந்துவிட்டோம் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவர் வெளியே திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டு அவள் வண்டி நிறுத்தப் போனாள்.

டூட்டி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத வேண்டாம். கூடத் தொடங்கிய எலும்பு மறுபடி விலகிவிட்டது, இனி முதலிலிருந்துதான், அப்போதும் கை பழையபடி முழுசாகத் திரும்புமா என்று சொல்வதற்கில்லை என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பை இழுத்து நேராக்கிவிட்டு டாக்டர் வேறொரு அவசரத்துக்கு ஓடினார். மனைவி மாத்திரை வாங்க மருந்துக் கவுண்டரில் நின்றாள். கட்டு அறையில் சின்னவள் தனியாக இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை அல்லவா. இழுத்து நேராக்கிய எலும்பு மாவு இறுகும்வரை அப்படியே நிற்க வேண்டும். அதற்கு யாராவது விரல்களை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிப் பிடிங்க, நான் சொல்ற வரைக்கும் விட்றாதீங்க என்று மகனிடம் சொல்லிவிட்டு அவள் சுருளைத் தண்ணீரில் முக்கினாள்.

மகன் அப்பாவின் விரல்களைப் பிடித்தான். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடித்ததற்கு அப்புறம் அவன் அந்த விரல்களைப் பிடித்ததில்லை. அப்போது இவர்தான் இழுப்பார், வண்டி வருவதற்குள் வா வா என்று. இப்போது அவன் இழுத்துப் பிடித்திருந்தான். அந்த இழுப்புக்கு ஈடாக அவர் தன் இடது கையால் வலது முழங்கைக்கு மேலே அழுத்திப் பிடித்திருந்தார். சின்னவள் சுற்றினாள், தடவினாள். மாவு சூடேற ஆரம்பித்தது. மூன்று பேருக்கும் ஆறு கைகள் இருந்தும், மூக்கு அரித்தால் சொறிய ஒரு கை காலியில்லை. எழுந்து முகம் கழுவப் போகவும் அவருக்கு வழியில்லை.

அவர் மகனைப் பார்க்காமல் கட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பதில் வரல பதில் வரலன்னு சொல்லிட்டிருந்தேனே. நான் கேக்கவே இல்லடா."

சின்னவளின் கை ஒரு கணம் நின்று, மறுபடி தடவியது.

"ஒரு நாள்கூட கேக்கல. கேட்டா சரின்னு சொல்லிடுவாரோன்னு பயம். சொல்லிட்டா நான் உனக்குச் சரின்னு சொல்லணும். அவர் பேரைச் சொல்லி உன்னக் காக்க வெச்சது நான்தான்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழும் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. மகன், "தெரியும்ப்பா" என்றான். அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம், உங்கப்பா கேட்டிருக்க மாட்டார் என்று. இத்தனை நாள் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தவருக்கு, வீட்டில் ஒருத்தரும் ஏமாறவில்லை என்பது பெரிய அவமானமாக இருந்தது. கூடவே ஏதோ பெரிய சுமை இறங்கியது போலவும் இருந்தது.

தெரிந்தும் ஏன் இரண்டு வருஷம் நின்றாய் என்று கேட்டார்.

"நான் எங்க நின்னேன்? உங்க மருமகதான் நிக்க வெச்சா. அப்பா என்னைக்காவது கேப்பாரு, பொறுப்போம்னு சொல்லிட்டே இருந்தா. கடைசில எனக்குத்தான் தாங்கல. நான் உங்க பிள்ளைதானே."

சின்னவள் வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய நேரம்தான், ஆனாலும் வரவில்லை. அழுகைதான் வந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லாமல் தாடை வழியாக இறங்கியது.

"அவ எங்க?"

"கீழ வண்டியிலயே இருக்கா."

"ஏன் மேல வரல?"

"நீங்க கூப்பிடலயேப்பா" என்றான் மகன். குற்றம் சொல்கிற குரலில் இல்லை, மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னான்.

அவ்வளவுதான். ஒரு வருஷம் கால் கை எல்லாம் நன்றாக இருந்தபோது சாய்வு நாற்காலியைவிட்டு நகராத மனிதர், இப்போது மேசையிலிருந்து குதித்து இறங்கப் பார்த்தார். சின்னவள் தோளால் அவர் மார்பை அழுத்தி உட்கார வைத்தாள். அசையாதீங்க அண்ணா, இப்ப அசைஞ்சா எல்லாம் போச்சு என்றாள். மகனைப் போய் அழைத்துவரச் சொன்னார். அவன் விட்டால் எலும்பு விலகும். நீ போ என்றார் சின்னவளிடம். அவள் உள்ளங்கை இரண்டும் ஈரமாவோடு கட்டில் இருந்தன. எத்தனையோ ஆயிரம் பேருக்குப் போட்ட அந்த மாவு இவ்வளவு மெதுவாக இறுகும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நிஜமாக அவசரப்பட வேண்டிய ஒரே நேரத்தில் அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார் ஆண்டவர். இதற்கு மேல் கிண்டல் செய்ய மனிதர்களால் முடியாது.

மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல். கீழே வண்டிகள் நிற்கும் இடம். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். வரிசையின் ஓரத்தில் அந்தக் கார் நின்றது, கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள். சுவரில், சத்தம் போடாதீர்கள் என்ற பலகைக்கு நேர் கீழே இருந்துகொண்டு அவர் கத்தினார்.

"அம்மா, மேல வாம்மா."

அவளுக்குக் கேட்கவில்லை. நடைபாதையில் போன நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அவர் பொருட்படுத்தவில்லை. நான் உன் மாமனார் கூப்பிடறேன், மேல வா என்று தொண்டை கிழியக் கத்தினார். மாமனார் என்று தன்னை அவர் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவள் தலையை வெளியே நீட்டி, எந்த ஜன்னல் என்று தேடி, அவரைக் கண்டாள். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம்.

பிறகு இறங்கினாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். கதவைப் பூட்டினாள். பூட்டிய பின் நான்கு கதவையும் சுற்றிவந்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். கைப்பையை மறந்துவிட்டாளாம், மறுபடி திறந்து எடுத்துப் பூட்டி, மறுபடி இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் வாசலை நோக்கி நடந்தாள், அவளுக்கே உரிய நடையில்.

கட்டு இறுகிவிட்டது, இனி அசையலாம், விரலை விட்டுவிடலாம் என்று சின்னவள் சொன்னாள். மகன் விடவில்லை. அவரும் அசையவில்லை. மருமகள் படியேறி வரட்டும் என்று கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.